சக்கரம் ஏன் உரசுகிறது?

“கர்ர்ர்...”

பின் ஸீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். மடியில் பாண்டி பஜாரில் வாங்கிய பைகள். வண்டி அடையாறு எல்.பி. ரோட்டில் ஒரு வேகத்தடை மீது ஏறி இறங்குகிறது. அப்போது உங்கள் ஆசனத்துக்கு அடியிலிருந்து, காய்ந்த கொப்பரையை மிக்ஸியில் போட்டாற்போல் ஒரு சத்தம் கேட்கிறது. கூடவே லேசாக ரப்பர் தீய்ந்த வாசனை.

“என்னடா அது?” என்று கேட்கிறீர்கள்.

“ஒண்ணுமில்லேம்மா! வண்டியை லோயர் பண்ணினதிலே டயர் கொஞ்சம் உரசறது. வர்ற சனிக்கிழமை ஸ்பேஸர் போட்டுட்டா சரியாப் போயிடும்” என்கிறான் காரோட்டும் பிள்ளை.

“என்னமோ போ!” என்று நீங்களும் விட்டுவிடுகிறீர்கள்.

அப்படி விட்டுவிடக் கூடாது என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஸ்பேஸர் என்கிற அந்தச் சாமான் சில வண்டிகளில் உரசலை நிறுத்தும். வேறு சில வண்டிகளில் உரசலை இரு மடங்காக்கும். உங்கள் வண்டியில் எது நடக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. ஒரு சாக்பீஸும் கால் மணி நேரப் பொறுமையும் போதும். காரோட்டுவது நீங்களே ஆனாலும் சரி, பின்னால் உட்கார்ந்து வருகிறவர் ஆனாலும் சரி, விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாழ்ந்து போகிற மோகம்

நன்றாக ஓடுகிற காரை எதற்காகத் தாழ்த்த வேண்டும்? இளைஞர்களைக் கேட்டால், “பார்க்க ஜோராக இருக்கிறது” என்பார்கள். அது உண்மைதான். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி குறைந்தால், வண்டி பாயப் போகிற புலி மாதிரி தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். ஓட்டப் பந்தயக் கார்கள் அப்படித்தான் இருக்கின்றன. பாரம் தாழ்வாக இருந்தால் வேகமாகத் திரும்பும்போது வண்டி சாய்வது குறையும் என்பது அவற்றின் கணக்கு.

இந்த மோகம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1953ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. இரண்டாவது உலக யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் அந்தக் கிளப்பார் நடத்திய பந்தயங்களைப் பார்க்கச் சென்னை ஜனங்கள் திரள் திரளாகப் போனது உண்டு. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர் நீளத்தில் பந்தயத்துக்கென்றே ஒரு பாதை அமைத்தார்கள். அங்கெல்லாம் தாழ்ந்த வண்டி அழகாகப் போகும். ஏனென்றால் அங்கே வேகத்தடை இல்லை. பின் ஸீட்டில் பாட்டியும் இல்லை!

கடல் கடந்தும் இந்த மோகம் உண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்கள் யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் பழைய கார்களை வாங்கித் தாழ்த்தி, மாலை வேளைகளில் ஊர்வலம் போல் மெள்ள ஓட்டிப் போனார்கள். பின்புறத்தில் மணல் மூட்டையை ஏற்றித் தாழ்த்தியவர்களும் உண்டு. காரின் எந்தப் பாகமும் சக்கரத்தின் இரும்பு வளையத்து அடி மட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது என்று கலிபோர்னியா அரசாங்கம் 1958ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. மறு வருஷமே, ரான் அகீர் என்ற இளைஞர் தம் காரில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பம்புகளைப் பொருத்தினார். சட்டத்தின் கண் எதிரே வண்டி உயரும். அது அந்தப் பக்கம் போனதும் தாழும்! அந்தத் தடை வெகுகாலம் கழித்து, 2024 ஜனவரி 1 முதல்தான் அங்கே நீங்கியது.

ஆனால் அந்தக் கார்கள் எல்லாம் மெள்ளப் போவதற்கென்றே செய்தவை. நம் வீட்டுக் கார் அப்படியா? காலையில் பள்ளிக்கூடம், பகலில் ஆபீஸ், மாலையில் கபாலீசுவரர் கோயில், ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரோடு மகாபலிபுரம் என்று ஓயாமல் உழைக்கிற வண்டி அது.

நம் வீதிகளின் கதை

போதாக்குறைக்கு நம் வீதிகளையும் பாருங்கள். மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் பழைய வீடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போனார்கள். ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படி இறங்கிப் போகிற வீடுகள் இருக்கின்றன. தெரு ஏறிக்கொண்டே போகிறது. நாம் காரைத் தாழ்த்திக்கொண்டே போகிறோம்!

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 அக்டோபரில் பெருமழை வரப் போகிறது என்ற செய்தி கேட்டதுமே, வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். தண்ணீருக்குப் பயந்து காரைப் பாலத்தின் மேல் ஏற்றுகிற ஊரில், அதே காரை இரண்டு அங்குலம் கீழே இறக்குவது கொஞ்சம் விசித்திரம்தான் அல்லவா?

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்திய ரோடு காங்கிரஸ் ஓர் அளவு வகுத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், வில் போல் வளைந்த மேல்பாகம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் அதைச் சுகமாகக் கடந்து விடலாம். ஆனால் நம் உட்தெருக்களில் இருப்பவற்றில் பல, வயல் வரப்பை வெட்டிக் கொண்டுவந்து வைத்த மாதிரி குறுகிச் செங்குத்தாக நிற்கின்றன. பல சிறிய கார்களுக்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே சுமார் 16, 17 சென்டிமீட்டர்தான் இடைவெளி. அதிலே நாலைக் கழித்துவிட்டு, ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டால் மிச்சம் என்ன என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இடைவெளி வீணாகக் கிடக்கவில்லை

சக்கரத்துக்கு மேலே இருக்கிற காலி இடத்தைப் பார்த்து, “கம்பெனிக்காரன் அசிங்கமாக விட்டிருக்கிறான்” என்று நினைக்கிறார்கள். அது வீணாக விட்ட இடம் அல்ல. சக்கரம் நடமாடுவதற்கான முற்றம். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலும் கீழுமாக ஆடுகிறது. முன் சக்கரமோ, அதோடு வலமும் இடமும் திரும்புகிறது. இத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்த இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் தீர்மானிக்கிறார்கள்.

காரைத் தாழ்த்துகிறவர்கள் ஸ்பிரிங்கைக் குட்டையாக்குகிறார்கள். அந்தந்த வண்டிக்கென்று கணக்குப் பார்த்துச் செய்த குட்டை ஸ்பிரிங்குகள் கிடைக்கின்றன. சிலர் மலிவு பார்த்து, இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்து எடுத்து விடுகிறார்கள். இது வெகு தவறான காரியம். அறுத்த ஸ்பிரிங் விறைத்துப் போகும். அறுபட்ட முனை தன் பீடத்தில் சமமாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் நகர்ந்து விடவும் கூடும்.

எந்த வழியில் தாழ்த்தினாலும் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, சக்கரம் ஆடுவதற்கு இருந்த இடம் சுருங்கிவிடும். இரண்டாவது, பல கார்களில் சக்கரத்தின் மேல் பாகம் சற்று உள்பக்கமாகச் சாய்ந்து விடும். இதனால் டயரின் உள் விளிம்பு மட்டும் சீக்கிரம் தேய்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே பார்த்தால் வழுக்கை!

அதோடு நிறுத்துவார்களா? தாழ்ந்த காருக்குப் பெரிய அலாய் வீலும் அகல டயரும் வேண்டும் என்று தோன்றிவிடும். டயரின் ஜாதகம் அதன் மேலேயே எழுதியிருக்கிறது. 185/65 ஆர்15 என்று இருந்தால் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. உள்ளே இருக்கும் சக்கரம் 15 அங்குலம். இதை எடுத்துவிட்டு 205/55 ஆர்16 போட்டால், டயர் 20 மில்லிமீட்டர் அகலமாகிறது. மொத்த உயரமும் சுமார் 10 மில்லிமீட்டர் கூடுகிறது. வீட்டைச் சிறிதாக்கிவிட்டு, பீரோவைப் பெரிதாக வாங்கிய கதைதான். இடிக்காமல் என்ன செய்யும்?

முறுக்குத் தகடு மாதிரி

இப்போது ஸ்பேஸருக்கு வருவோம். முறுக்கு நாழியின் அடியில் போடுகிற தகட்டைக் கொஞ்சம் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அலுமினியத்தில் செய்த ஒரு வட்டத் தகடு. சுற்றிலும் நாலைந்து துவாரங்கள். நடுவே ஒரு பெரிய துவாரம். சக்கரத்தைக் கழற்றி, இந்தத் தகட்டை நடுவே வைத்து, மறுபடி சக்கரத்தை மாட்டினால், தகடு எவ்வளவு கனமோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 3 மில்லிமீட்டரிலிருந்து 25 மில்லிமீட்டருக்கு மேலும் தடிமன்களில் இவை கிடைக்கின்றன.

நன்றாகக் கவனியுங்கள். ஸ்பேஸர் செய்வது ஒரே ஒரு காரியம்: சக்கரத்தை வெளியே தள்ளுகிறது. காரை உயர்த்துவதில்லை. டயரைச் சிறிதாக்குவதில்லை. ஆகவே டயர் உட்பக்கத்தில், ஷாக் அப்ஸார்பர் மீதோ உட்சுவர் மீதோ உரசினால், ஸ்பேஸர் அதை விலக்கி விடும். நல்லது. ஆனால் டயர் வெளிப்பக்கத்தில், மட்கார்டின் மடிப்பு விளிம்பில் உரசினால்? இன்னும் வெளியே தள்ளினால் இன்னும் பலமாக உரசும்! அந்த விளிம்பு கத்தி போன்றது. டயரின் தோளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்துவிடும். பின் ஸீட்டில் ஆள் ஏறினால்தான் சத்தம் கேட்கிறது என்றால், பெரும்பாலும் இந்த ரகந்தான்.

இன்னொரு விஷயம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பது சுலபம். அதே குடத்தைக் கையை நீட்டித் தூக்கிப் பாருங்கள். பாரம் அதேதான், ஆனால் தோள் கழன்று விடும் போல் இருக்கும். சக்கரத்தை வெளியே தள்ளும்போது, உள்ளேயிருக்கும் பேரிங்குக்கு அந்தக் கதிதான் நேருகிறது. ஸ்டீரிங்கின் இழுப்பும் மாறும். ரோட்டின் ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் காய்ந்தும் இருக்கையில் பிரேக் போட்டால், வண்டி ஒரு பக்கமாக இழுப்பது ஜாஸ்தியாகும்.

சாக்பீஸ் பரீட்சை

அப்படியானால் முதல் கேள்வி, “எந்த ஸ்பேஸர் போடலாம்?” என்பதல்ல, “எந்த இடத்தில் உரசுகிறது?” என்பதுதான். அதைக் கண்டுபிடிக்கும் வழி இதோ:

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹாண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும், தோள்பட்டைப் பாகத்திலும் சாக்பீஸால் பட்டையாகக் கோடு போடுங்கள். முன் டயர்களைத் திருப்பி வைத்தால் அவற்றின் உட்பக்கத்துக்கும் கை எட்டும். (கோலமாவைத் தூவ வேண்டாம், பறந்துபோகும்!) பிறகு வழக்கம்போல் எல்லோரும் ஏறி உட்கார்ந்துகொண்டு, நாலைந்து வேகத்தடைகளை மெள்ளக் கடந்து வாருங்கள். காலியான மைதானம் இருந்தால் ஸ்டீரிங்கை வலக்கோடிக்கும் இடக்கோடிக்கும் திருப்பி இரண்டு வட்டம் அடியுங்கள்.

இறங்கிப் பார்த்தால் ரகசியம் வெளிப்பட்டுவிடும். கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. மட்கார்டு விளிம்பிலோ உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் உறையிலோ சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். அல்லது கறுப்பாகப் பளபளவென்று ஒரு தழும்பு இருக்கும். பின் சக்கரத்தின் உட்பக்கம் தெரியவில்லை என்றால் பட்டறையில் லிப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் தலையை விட வேண்டாம்.

இந்தச் சோதனையில் டயரின் பக்கச் சுவர் சீவப்பட்டு உள்ளே நூல் தெரிவதாகக் கண்டால், வேறு யோசனையே கூடாது. அந்த டயரை அன்றே மாற்றிவிடுங்கள். தரையில் படுகிற பாகத்தில் ஆணி குத்தினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டு வேலை நிற்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது அது வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செலவு குறைந்த வைத்தியங்கள்

உரசும் இடம் தெரிந்துவிட்டதா? இனிமேல் வைத்தியம். ஜலதோஷத்துக்கு முதலில் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது போல், இங்கேயும் சின்ன வைத்தியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்று, உறை தொங்கி டயரைத் தொடுவது மிகவும் சகஜம். அப்படியானால் வேண்டியது ஒரு கிளிப்தான்.

அடுத்தது டயரின் அளவு. வண்டியோடு வந்த புத்தகத்திலும், பெரும்பாலும் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் சரியான அளவு இருக்கும். அதற்கு மீறிய டயரானால், சரியான டயருக்குத் திரும்புவதே பாதி குணம்.

மூன்றாவதாக, அலாய் வீலின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ‘இ.டி. 45’ என்பது போல் ஓர் எண் பொறித்திருக்கும். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியோடு சேரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். கம்பெனி கொடுத்தது 45, புதிதாக வாங்கியது 35 என்றால், ஸ்பேஸர் இல்லாமலே சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் 5 மில்லிமீட்டர் ஸ்பேஸரும் போட்டால் 30 ஆகிவிடும். வெளி விளிம்பில் உரசுகிறதே என்று அப்புறம் அழுது பிரயோஜனம் இல்லை.

நான்காவது, வீல் அலைன்மென்ட். தாழ்த்திய வண்டிக்கு இதைச் செய்யாமல் விடவே கூடாது. சாய்வைச் சரிசெய்தாலே சில சமயம் உரசல் நின்றுவிடும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் உத்தமமான வைத்தியம்: கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிவிடுவது. “அம்மா, மானம் போயிடும்!” என்பான் பிள்ளை. மானம் திரும்பி வந்துவிடும். டயரும் முதுகெலும்பும் அப்படி வருவதில்லை.

போட்டே தீர வேண்டுமென்றால்

உட்பக்கந்தான் உரசுகிறது என்பது நிச்சயமாகத் தெரிந்து, மேற்சொன்ன எதற்கும் அடங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஸ்பேஸர் வாங்கப் போகிறவர் நாலு விஷயங்களை விடாமல் பார்க்க வேண்டும். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் எத்தனையோ அலங்காரச் சாமான்கள் கண்ணைப் பறிக்கும். புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகங்கள் மலை மலையாகக் கிடைக்கும். பழைய கதவும் கண்ணாடியும் வாங்குவது வேறு. யார் எப்படிச் செய்தது என்று தெரியாத தகட்டைச் சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே வைப்பது வேறு.

ஒன்று: நடுத் துவாரம். சக்கரம் சென்று உட்காருகிற இடத்தில் வட்டமாக ஒரு மேடு உண்டு. சக்கரத்தை நடு மையத்தில் நிறுத்துவது அதுதான். ஸ்பேஸரின் நடுத் துவாரம் அந்த மேட்டில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தகடு தடியாக இருந்தால், அதிலும் அதே மாதிரி ஒரு மேடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் மையம் தப்பி உட்கார்ந்து, ஸ்டீரிங் கிடுகிடுவென்று நடுங்கும்.

இரண்டு: மரை. இதுதான் உயிர் நிலை. நடுவே 10 மில்லிமீட்டர் தகடு வைத்தால், நட்டுக்குக் கிடைக்கிற மரையில் 10 மில்லிமீட்டர் குறைந்து போகிறது. போல்ட் 12 மில்லிமீட்டர் கனம் என்றால் குறைந்தது அதே 12 மில்லிமீட்டர் அளவுக்காவது மரை நட்டுக்குள் பிடித்திருக்க வேண்டும். அதற்குத் தோதாக நீளமான போல்ட் போட வேண்டும். இரண்டு சுற்றுச் சுற்றியதும் நட்டு நின்றுவிட்டால், “பிடிச்சுக்கிச்சு ஸார்!” என்று மெக்கானிக் சொன்னாலும் நம்பாதீர்கள். அதேபோல், பின்னால் ஒரு நாள் ஸ்பேஸரை எடுத்தால் நீள போல்ட்டையும் எடுத்துவிட வேண்டும். சில வண்டிகளில் அது உள்ளே போய் பிரேக்கை இடிக்கும்.

மூன்று: ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தகடுகளை அடுக்கவே கூடாது. அது சப்பாத்தி அல்ல! தகடு சேரும் இடத்தில் துருவும் மண்ணும் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும்.

நான்கு: முறுக்கு. நட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காரின் புத்தகத்தில் இருக்கும். அதை அளந்து இறுக்குகிற டார்க் ரென்ச் என்ற கருவியைக் கொண்டே இறுக்கச் சொல்லுங்கள். அதோடு கதை முடியவில்லை. சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை சரிபார்த்து இறுக்க வேண்டும். புது அம்மிக்குக் கொத்தின பின் கழுவி அரைத்துப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

ஜெர்மனியில் ஸ்பேஸர் போடுவது சர்வ சகஜம். ஆனால் அங்கே பரிசோதித்துச் சான்று பெற்ற தகடுகளைத்தான் போடலாம். பல சமயங்களில் வண்டியைப் பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் திருப்தியடைந்த பிறகு பத்திரத்திலும் குறித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் மோகத்துக்குப் பேர்போன தேசத்திலேயே இவ்வளவு கெடுபிடி!

சட்டம் என்ன சொல்கிறது?

நம் தேசத்துச் சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரித்த கம்பெனி குறித்த விவரங்களுக்கும் ஆர்.ஸி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை வலியுறுத்தித் தீர்ப்பு அளித்தது. அதே 2019ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கிற சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள்.

தண்டனை காரோட்டும் பிள்ளைக்கு அல்ல, வண்டியின் சொந்தக்காரருக்கு என்பதைக் கவனித்தீர்களா? ஆர்.ஸி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அது அப்பாவின் பெயர். சில வீடுகளில் உங்களுடைய பெயரே!

இன்ஷ்யூரன்ஸும் அப்படித்தான். ஸ்பிரிங்கோ சக்கரமோ மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் செய்த மாறுதலைக் காட்டி, விபத்துக்குப் பிறகு நஷ்ட ஈட்டில் தகராறு வந்தால், அப்போது ஸ்பேஸர் விற்ற கடைக்காரர் வந்து சாட்சி சொல்லமாட்டார்.

பின் ஸீட்டுக்கும் ஒரு வோட்டு

இவ்வளவையும் படித்துவிட்டு, “பிள்ளையின் ஆசையில் மண்ணைப் போடச் சொல்கிறீர்களா?” என்று கேட்காதீர்கள். கார் மீது ஆசை வைப்பது நல்ல ஆசைதான். அந்த ஆசையிலிருந்து எத்தனையோ பேர் நல்ல இன்ஜினீயர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். பந்தயம் ஓட்டத் தோன்றினால் அதற்கென்று பாதை இருக்கிறது. சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் குடும்பம் ஏறுகிற வண்டியைப் பற்றிய முடிவைக் குடும்பம் கூடித்தான் எடுக்க வேண்டும். முன் ஸீட்டில் இருப்பவருக்குக் கேட்காத சத்தம் பின் ஸீட்டில்தான் முதலில் கேட்கிறது. ஆகவே அடுத்த தடவை “ஸ்பேஸர் போட்டால் சரியாகிவிடும்” என்ற பேச்சு எழுந்தால், கோபிக்காமல் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: “உட்பக்கம் உரசுகிறதா, வெளிப்பக்கமா? நட்டுக்குள் எவ்வளவு மரை பிடிக்கிறது? இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு எழுதியாயிற்றா?” மூன்றுக்கும் பதில் வந்தால் பிள்ளை விஷயம் தெரிந்தவன்தான். வராவிட்டால், சனிக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போவதை ஒத்திப் போட்டுவிட்டு, ஒரு சாக்பீஸை எடுத்து அவன் கையில் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகள் உங்கள் வீட்டு மூலையில் எங்கேயாவது கிடந்தால், பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்துத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். அவை மறுபடி வண்டியில் ஏறுகிற நாள் சீக்கிரமே வரும்.